இசட்லிப்.எச்: ஒரு ஹெடர் கோப்பின் பயணம்

லினக்ஸில் மூலநிரலை இறக்கித் தாமே கம்பைல் செய்து பழகியவர்களில் இசட்லிப்.எச் என்ற பெயரைத் திரையில் பார்க்காதவர்கள் குறைவு. பெரும்பாலும் அந்தப் பெயர் அறிமுகமாவது, அந்தக் கோப்பு இல்லாதபோதுதான். ‘இசட்லிப்.எச்: அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்று ஜிசிசி கம்பைலர் ஒரு வரி காட்டும். அடுத்த வரியில் கம்பைல் நின்றுவிட்டதாகச் சொல்லும். அந்தக் கோப்பு எந்தப் பொதியில் இருக்கிறது, அதை எப்படி நிறுவுவது என்பதை அது சொல்லாது.

புதிதாக லினக்ஸுக்கு வந்த மாணவர் பலர் இந்த இடத்தில்தான் மூலநிரலை மூடிவைத்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் கோப்பு எங்கே பிறந்தது, எந்த வழியாக நம் கணினிக்கு வருகிறது, எங்கே வழி அறுபடுகிறது என்று தெரிந்துகொண்டால் அந்த வரியைக் கண்டு பதற வேண்டியிருக்காது. நாம் எழுதும் மென்பொருளை அடுத்தவர் கம்பைல் செய்யும்போது அந்த வரி வராமலும் பார்த்துக்கொள்ளலாம்.

பிறந்த கதை

இதன் தொடக்கம் ஒரு காப்புரிமைத் தகராறு. 1994 டிசம்பர் கடைசியில் யுனிசிஸ், கம்ப்யூசர்வ் நிறுவனங்களிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அன்று இணையத்தில் பரவலாகப் புழங்கிய ஜிஃப் படங்களைச் சுருக்கும் எல்இசட்டபிள்யூ முறை யுனிசிஸின் காப்புரிமைக்கு உட்பட்டது, அதைக் கையாளும் மென்பொருளுக்கு உரிமம் பெற வேண்டும் என்பது அதன் சாரம். நிரலாளர்கள் கொதித்துப்போனார்கள். சில நாள்களிலேயே, 1995 ஜனவரி 4 அன்று, தாமஸ் பூடெல் புதிய பட வடிவம் ஒன்றின் வரைவை யூஸ்நெட்டில் முன்வைத்தார். அதுதான் பின்னர் பிஎன்ஜி ஆனது.

படத்தைச் சுருக்கக் காப்புரிமைத் தொல்லை இல்லாத ஒரு முறை வேண்டும். பிகேஜிப் மென்பொருளின் இரண்டாம் பதிப்புக்காக ஃபில் கட்ஸ் உருவாக்கியிருந்த டிஃப்ளேட் முறை இருந்தது. அதைக் காப்புரிமையில் சிக்காமல் நிரலாக எழுத முடியும் என்று ஏற்கெனவே செய்துகாட்டியவர்கள் இருவர்: பிரான்ஸைச் சேர்ந்த ஜான்-லூ கெய்லி, அமெரிக்காவைச் சேர்ந்த மார்க் ஆட்லர். யூனிக்ஸில் இருந்த பழைய சுருக்கக் கருவிக்கு மாற்றாக அவர்கள் எழுதிய ஜிஜிப் 1992 அக்டோபர் 31 அன்று முதல்முறையாக வெளிவந்திருந்தது.

ஜிஜிப் தனியாக இயங்கும் கருவி. பிஎன்ஜிக்கு வேண்டியிருந்ததோ, எந்த நிரலுக்குள்ளிருந்தும் அழைத்துப் பயன்படுத்தக்கூடிய லைப்ரரி. அந்தத் தேவைக்காக எழுதப்பட்டது இசட்லிப். சுருக்கும் பகுதி கெய்லியுடையது, விரிக்கும் பகுதி ஆட்லருடையது. முதல் பொது வெளியீடான 0.9, 1995 மே 1 அன்று வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் இசட்லிப், டிஃப்ளேட், ஜிஜிப் வடிவங்களின் வரையறை ஆர்எஃப்சி 1950, 1951, 1952 என்ற மூன்று ஆவணங்களாக வெளியானது. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், வணிகத்துக்கும் தடையில்லை என்று உரிமத்தை இருவரும் தாராளமாக வைத்தார்கள். ஆட்லர் பின்னாளில் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில், செவ்வாய்க்குச் சென்ற ஸ்பிரிட் ஊர்தியின் பயணக் கட்டத்துக்கு மிஷன் மேலாளராக இருந்தவர்.

உள்ளே என்ன இருக்கிறது

இசட்லிப்.எச் கோப்பைத் திறந்து பார்ப்பது நல்ல அனுபவம். அண்மைப் பதிப்புகளில் ஏறத்தாழ 1,900 வரிகள். தலைப்பில் பதிப்பு எண், தேதி, ஆசிரியர் இருவரின் பெயர், சில பத்திகளில் உரிமம். அதன்பின் செயல்கூறுகளின் அறிவிப்புகள்: எந்தச் செயல்கூறுக்கு என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும், தவறினால் எந்தப் பிழை எண் கிடைக்கும். ஒவ்வொன்றின் கீழும் தெளிவான ஆங்கிலத்தில் விளக்கம். இசட்லிப்புக்கான கையேடே இந்தக் கோப்புதான். தரவைச் சுருக்கும் வேலை இதில் நடப்பதில்லை, அது லைப்ரரியில் நடக்கிறது. கம்பைலருக்கு அந்த லைப்ரரியை அறிமுகப்படுத்துவது மட்டுமே ஹெடரின் வேலை.

இதில் ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. சுருக்கத்தைத் தொடங்கிவைக்கும் டிஃப்ளேட்-இனிட் என்ற பெயரை நாம் நிரலில் எழுதினால், ஹெடர் அதை வேறொரு செயல்கூறுக்கான அழைப்பாக மாற்றுகிறது. மாற்றும்போது தன் பதிப்பு எண்ணையும், தகவல் பரிமாற்றத்துக்கான கட்டமைப்பின் அளவையும் கூடவே சேர்த்து அனுப்புகிறது. நிரல் ஓடும்போது லைப்ரரி அவற்றைச் சரிபார்க்கும். பதிப்பு எண்ணின் முதல் எழுத்தோ கட்டமைப்பின் அளவோ ஒத்துவராவிட்டால் வேலையைத் தொடங்க மறுத்துவிடும். கம்பைல் முடிந்தபின் ஹெடர் தேவையில்லை என்றாலும், எந்த ஹெடரைக் கொண்டு கம்பைல் ஆனது என்ற தடயம் நிரலுக்குள் தங்கிவிடுகிறது.

ஒரே வீட்டில் இருந்தவர்கள் பிரிந்தது

இசட்லிப்பை மூலநிரலிலிருந்து நாமே நிறுவினால் லைப்ரரியும் ஹெடரும் சேர்ந்தே வந்து இறங்கும். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள் அவற்றைப் பிரித்தன. நிரலை ஓட்ட மட்டும் விரும்புகிறவருக்கு ஹெடர் வேண்டாம், இயங்குநேர லைப்ரரி போதும். கம்பைல் செய்கிறவருக்குத்தான் ஹெடர் வேண்டும். ஆயிரக்கணக்கான லைப்ரரிகளுக்கு இப்படிப் பிரித்தால் வட்டில் இடம் மிச்சம், இறக்கும் அளவும் குறைவு. நியாயமான முடிவுதான்.

டெபியனில் லிப்இசட்.எஸ்ஓ.1 என்ற இயங்குநேர லைப்ரரி ஒரு பொதியில் இருக்கிறது. ஹெடர், அதன் துணைக் கோப்பான இசட்கான்ஃப்.எச், லிங்கருக்கு வேண்டிய குறுக்கிணைப்பு, பேக்கேஜ்-கான்ஃபிக் கருவிக்கான விவரக் கோப்பு ஆகியவை இன்னொரு பொதியில் உள்ளன. ‘இசட்லிப் ஏற்கெனவே இருக்கிறதே, பிறகு ஏன் இல்லை என்கிறது?’ என்று புதியவர்கள் குழம்புவது இதனால்தான். லைப்ரரி இருக்கிறது, அறிமுகம் செய்துவைக்கும் கோப்பு இல்லை.

ஹெடர் உள்ள அந்தப் பொதியின் பெயரோ ஊருக்கு ஒன்று. டெபியனிலும் உபுண்டுவிலும் இசட்லிப்1ஜி-டெவ். சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்தது என்பதால் அங்கும் அதே பெயர். ஃபெடோராவிலும் ஓப்பன்சூசேயிலும் நெடுங்காலமாக இசட்லிப்-டெவெல். ஆல்பைனில் இசட்லிப்-டெவ். ஆர்ச் பிரிப்பதில்லை என்பதால் வெறும் இசட்லிப். டெபியன் பெயரில் உள்ள ‘ஜி’ எங்கிருந்து வந்தது என்று யாராலும் ஊகிக்க முடியாது. 1998 ஜூலையில் வந்த டெபியன் 2.0, சி லைப்ரரியின் ஐந்தாம் தலைமுறையிலிருந்து ஜிலிப்சி எனப்படும் ஆறாம் தலைமுறைக்கு மாறியது. பழைய சி லைப்ரரியை நம்பிய பொதிகளிலிருந்து வேறுபடுத்திக் காட்ட, புதியவற்றுக்கு ஒரு ‘ஜி’ சேர்த்தார்கள். மாற்றம் என்றோ முடிந்தும் எழுத்து மட்டும் நின்றுவிட்டது. 2024 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 40, மூல இசட்லிப்புக்குப் பதிலாக அதனோடு ஒத்துப்போகும் இசட்லிப்-என்ஜி என்ற வேகமான மாற்றை ஏற்றுக்கொண்டது. ஹெடர் இப்போது அதன் பொதியிலிருந்து வருகிறது. கோப்பின் பெயர் அன்றும் இன்றும் இசட்லிப்.எச்தான்.

தேடும் வழி

கம்பைலர் இந்தக் கோப்பைக் கணினி முழுக்கத் தேடுவதில்லை. அதற்கென்று ஒரு வரிசை உண்டு. கட்டளையில் நாம் குறிப்பிட்ட அடைவுகள் முதலில், பின்பு ஜிசிசியின் சொந்த அடைவு, அடுத்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட், கடைசியாக /யூஎஸ்ஆர்/இன்க்ளூட். பொதி வழியாக வரும் இசட்லிப்.எச் அமர்வது அந்தக் கடைசி இடத்தில். லோக்கல் அடைவு முன்னால் வருவதைக் கவனிக்க வேண்டும். எப்போதோ கையால் நிறுவிய பழைய ஹெடர் ஒன்று அங்கே கிடந்தால், புதிய பொதியின் ஹெடரை அது மறைத்துவிடும்.

பல மென்பொருள்களில் கம்பைலுக்கு முன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும். டேவிட் மெக்கென்சி 1991-இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப் கருவி உருவாக்கித் தருவது அது. இசட்லிப்.எச் இருக்கிறதா என்று அறிய, அந்த ஸ்கிரிப்ட் சில வரி சி நிரலைத் தானே எழுதி, அதில் ஹெடரைச் சேர்த்துக் கம்பைல் செய்து பார்க்கும். தேறினால் ‘ஆம்’, தேறாவிட்டால் ‘இல்லை’. திரையில் தெரிவது அவ்வளவுதான். எழுதிப் பார்த்த சிறு நிரல், ஓட்டிய கட்டளை, கம்பைலர் சொன்ன பிழை எல்லாம் கான்ஃபிக்.லாக் கோப்பில் முழுமையாகப் பதிவாகியிருக்கும். ஏதாவது விடுபட்டால் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

ஹெடர் கிடைத்தும் எல்டி என்ற லிங்கர் தடுமாறுவது உண்டு. அப்போது வரும் செய்தி வேறு: லிப்இசட் லைப்ரரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எல்டி சொல்லும். பேக்கேஜ்-கான்ஃபிக் வழியாகத் தேடும் மென்பொருளில் மூன்றாவது விதமான செய்தி வரும். டெபியனில் மூன்றுக்கும் மருந்து ஒன்றே, அந்த ஒரே டெவ் பொதி. முதல்முறை பார்ப்பவருக்கு அவை மூன்று வெவ்வேறு நோய்களாகத் தோன்றும். எந்தச் செய்திக்கு எந்தப் பொதி என்று யாராவது எழுதிவைத்தால் மட்டுமே இந்த முடிச்சு அவிழும்.

சத்தமில்லாமல் விடுபடும்போது

நின்றுபோகும் கம்பைல் ஒரு வகையில் நல்லது. எது இல்லை என்று உடனே தெரிகிறது. நிற்காமல் போவதுதான் ஆபத்து. இதற்குப் பைதானைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

பைதானுக்கு இசட்லிப் கட்டாயமில்லை. ஹெடர் இல்லாவிட்டாலும் பைதான் கம்பைல் ஆகிவிடும். இசட்லிப் மாட்யூல் மட்டும் உருவாகாது. ஓடி முடிந்த நூற்றுக்கணக்கான வரிகளின் இறுதியில், சில விருப்ப மாட்யூல்களை உருவாக்கத் தேவையானவை கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பு வரும். அதன்கீழ் பெயர்ப்பட்டியல். ‘விருப்ப’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலரும் கடந்துபோய்விடுவார்கள்.

நிறுவும் கட்டம் வரும்போது விளைவு தெரியும். 2014-இல் வந்த பைதான் 3.4 முதல், பொதிகளை நிறுவும் பிப் கருவி பைதானுடன் சேர்ந்தே வருகிறது. அது வந்து சேர்வது வீல் என்ற வடிவில். வீல் என்பது உள்ளபடியே ஒரு ஜிப் கோப்பு, டிஃப்ளேட் முறையில் சுருக்கப்பட்டது. அதை விரிக்க இசட்லிப் வேண்டும். விரிக்க ஆளில்லாததால், தரவை விரிக்க முடியவில்லை, இசட்லிப் இல்லை என்ற பிழையோடு நிறுவல் கவிழும். கம்பைலின்போது விருப்பம் என்று சொல்லப்பட்டது, நிறுவும்போது கட்டாயம் ஆகிவிடுகிறது. கம்பைல் செய்தவர் இப்போது ஹெடரைச் சந்தேகிக்க மாட்டார். பிப் பழுது, பைதான் பழுது என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

ஆகவே கம்பைலுக்குத் தேவையான ஒரு டிபெண்டன்சியின் பெயரை ஆவணத்தில் எழுதினால் மட்டும் போதாது. அது கட்டாயமா விருப்பமா, விருப்பம் என்றால் அது இல்லாமல் எதை இழப்போம் என்பதையும் எழுத வேண்டும். ‘இசட்லிப் இல்லாமலும் கம்பைல் ஆகும், ஆனால் பிப் நிறுவப்படாது’ என்ற ஒரு வரி ஒருவருடைய முழு மாலைப்பொழுதைக் காப்பாற்றும்.

எழுதிவைத்தவர்கள்

இந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கிட் மென்பொருளின் இன்ஸ்டால் கோப்பு, இசட்லிப் இல்லாமல் கிட் உருவாகாது என்று நேராகச் சொல்லிவிடுகிறது. கிட் தன் பொருள்களை எல்லாம் இசட்லிப்பால் சுருக்கித்தான் சேமிக்கிறது என்பதால் அதில் விட்டுக்கொடுக்க வழியில்லை. லினக்ஸ் கெர்னலின் ஆவணத் தொகுப்பில் ஒரு பட்டியல் மூன்று நெடுவரிசைகளில் இருக்கிறது: கருவியின் பெயர், வேண்டிய குறைந்தபட்சப் பதிப்பு, நம் கணினியில் எந்தப் பதிப்பு உள்ளது என்று பார்க்கும் கட்டளை. மூன்றாவது நெடுவரிசைதான் அந்தப் பட்டியலின் சிறப்பு. படிப்பவர் அந்த இடத்திலேயே தன் கணினியைச் சோதித்துவிடலாம்.

டெபியன் இதை விதியாகவே ஆக்கியது. ஒவ்வொரு மூலப் பொதியின் கட்டுப்பாட்டுக் கோப்பிலும் பில்ட்-டிபெண்ட்ஸ் என்ற புலம் உண்டு. ஃபெடோராவின் ஆர்பிஎம் பொதிகளில் அதற்கு பில்ட்-ரிக்வயர்ஸ் என்று பெயர். ஆனால் பட்டியல் சரிதான் என்பதற்கு எழுதியவரின் உத்தரவாதத்தை மட்டும் யாரும் நம்புவதில்லை. டெபியனில் எஸ்பில்ட், பிபில்டர், ஃபெடோராவில் மாக் ஆகிய கருவிகள் ஏறக்குறைய வெறுமையான ஓர் அமைப்பை உருவாக்கி, அதில் பட்டியலில் உள்ளதை மட்டும் நிறுவிக் கம்பைல் செய்து பார்க்கின்றன. எழுதாமல் விட்டது அங்கே கிடைக்காது. ஆகவே அங்கேயே பிடிபட்டுவிடும்.

நிரலை எழுதியவரின் கணினியில் இது ஒருநாளும் பிடிபடாது. அவர் ஆண்டுக்கணக்கில் எதையெதையோ கம்பைல் செய்திருப்பார். இசட்லிப்.எச் எப்போதோ வந்து உட்கார்ந்திருக்கும். மளிகைக்குப் பட்டியல் போடும்போது வீட்டில் எப்போதும் இருக்கும் உப்பை எழுத மறப்பது போன்றதுதான் இது. அவருடைய நேர்மையில் குறையில்லை. அவருக்கு அது கண்ணில் படவில்லை, அவ்வளவே.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்

இதை வெறும் வசதிக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. டிபெண்டன்சி தொல்லை வேண்டாம் என்று முடிவெடுத்த பல திட்டங்கள் இசட்லிப்பின் நகல் ஒன்றைத் தங்கள் மூலநிரலுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. கம்பைல் சுலபமாயிற்று. விலை பின்னால் வந்தது.

2002 மார்ச்சில் இசட்லிப்பின் விரிக்கும் பகுதியில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. சிதைந்த தரவு ஒன்றைக் கொடுத்தால் ஒரே நினைவகப் பகுதியை இருமுறை விடுவிக்கும் பிழை அது. 1.1.4 பதிப்பு அதைச் சரிசெய்தது. கணினியின் பொது லைப்ரரியை நம்பிய நிரல்களுக்கு ஒரு பொதியைப் புதுப்பித்ததோடு வேலை முடிந்தது. நகலை உள்ளே வைத்திருந்தவை ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடித்துத் தனித்தனியே சரிசெய்ய வேண்டியிருந்தது. லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் இசட்லிப்பின் நகல் இருந்தது. 2018-லேயே தெரிவிக்கப்பட்ட இன்னொரு பிழைக்கான திருத்தம் 2022 மார்ச்சில் 1.2.12 பதிப்பாக வந்தபோதும் இதே தேடல் நடந்தது. எந்த மென்பொருளுக்குள் எந்த இசட்லிப் இருக்கிறது என்று எழுதிவைத்தவர்கள் சில நிமிடங்களில் பதில் சொன்னார்கள். எழுதாதவர்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உள்நகல்களைத் தவிர்க்கும்படி டெபியனின் கொள்கை ஆவணம் சொல்வது இதனால்தான்.

நாம் செய்யக்கூடியது

விடுபட்ட டிபெண்டன்சியைக் கண்டுபிடிக்கும் வழி கடினமானதல்ல. பிழைச்செய்தியில் உள்ள கோப்பின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் வகைகளில் ஆப்ட்-ஃபைல் கருவியை நிறுவி, அதன் தரவைப் புதுப்பித்து, அந்தப் பெயரைத் தேடினால் எந்தப் பொதியில் அது இருக்கிறது என்று வரும். ஃபெடோராவில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் அதையே செய்யும். நீங்கள் கம்பைல் செய்ய விரும்பும் மென்பொருளின் ஏதாவது ஒரு பதிப்பு வழங்கலில் ஏற்கெனவே இருந்தால், மூலநிரல் களஞ்சியத்தை இயக்கிவிட்டு ஆப்ட் பில்ட்-டெப் கட்டளை கொடுத்தால் பட்டியல் முழுவதும் ஒரே வீச்சில் வந்து இறங்கும்.

ஆவணமாக்க நினைப்பவர் ஒரு வெறுமையான கண்டெய்னரிலிருந்து தொடங்க வேண்டும். கம்பைலரையும் மேக் கருவியையும் மட்டும் நிறுவி, மூலநிரலைக் கம்பைல் செய்து பாருங்கள். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பிழைச்செய்தி, அதைத் தீர்த்த பொதி, வழங்கலின் பெயரும் பதிப்பும் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அந்தக் கண்டெய்னரை அழித்துவிட்டு, எழுதிய பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றில் செய்து பாருங்கள். இடையில் எங்கும் நிற்காமல் ஓடினால் பட்டியல் சரி. சோதித்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் பொதிப் பெயர்கள் மாறும். பிழைச்செய்தியை ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே எழுதுங்கள். அடுத்தவர் தேடப்போவது அந்த வரியைத்தான்.

இதற்கு ஏற்ற ஆள் மென்பொருளை எழுதிய நிபுணர் அல்லர். இப்போதுதான் அந்தப் பிழையைச் சந்தித்துத் தாண்டி வந்தவர், அதாவது நீங்கள். கம்பைல் வென்ற மகிழ்ச்சியில் அடுத்த வேலைக்குப் போய்விட்டால் ஒரு வாரத்தில் எந்தப் பொதியை நிறுவினோம் என்பதே மறந்துபோகும். முனையத்தை மூடுவதற்கு முன், அந்தத் திட்டத்தின் ரீட்மீ கோப்பில் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க எங்கே தொடங்குவது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுவே: உங்களைத் தடுத்து நிறுத்திய பொதியின் பெயரை எழுதி அனுப்புங்கள், அடுத்தவர் அங்கே நிற்க வேண்டியிருக்காது.